சுண்ணாம்பு அடித்த ஆறு பெட்டிகள்

போன பொங்கலுக்கு வந்திருந்தபோது சரசு என்னிடம் ஒன்று கேட்டாள். நான் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். துண்டை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"எப்பா, நான் மூணாப்பு படிக்கையில எங்கள எல்லாம் ஈப்பண்ணைக்குக் கூட்டிட்டுப் போகப்போறேன்னு சொன்னீங்கள்லா? அம்மா பாத்திரத்தக்கூட சாக்குல கட்டி வச்சிட்டா. பெறவு ஏன் கூட்டிட்டுப் போகல?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் தம்பி முருகன் சொன்னான்: "அந்த வருசம் மழ இல்லக்கா."

அந்த வருடம் அவனுக்கு வயது இரண்டு. மழை பெய்ததா இல்லையா என்று அவனுக்கு எப்படித் தெரியும்? வீட்டில் சொல்லிச் சொல்லி அப்படி ஆகிவிட்டது. நான் துண்டை வாங்கித் துடைத்துக்கொண்டு போய்விட்டேன்.

அந்தக் கேள்விக்குத்தான் இந்த நோட்டில் எழுதுகிறேன். வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

தேனீ வளர்க்கும் வேலை எனக்குக் கிடைத்தது தற்செயல்தான். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் கட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கிராமத் தொழில் சங்கம் ஒன்று ஆள் எடுக்கிறது என்றார்கள்; போனேன்; மலையில் மூன்று மாதம் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே கற்றதில் பாதி, ஈயைப் பார்த்து ஓடாமல் நிற்பது. மீதிப் பாதி, கையைக் கழுவாமல் பெட்டியைத் திறக்கக் கூடாது என்பது. மலையில் எங்கு பார்த்தாலும் மரமும் பூவுமாக இருந்தது. அங்கே கற்றுக்கொடுத்துவிட்டுக் கரிசல் காட்டில் கொண்டுவந்து விட்டார்கள்.

எட்டயபுரத்திலிருந்து எப்போதும்வென்றான் போகிற பாதையில், பஸ் நிற்கிற இடத்திலிருந்து இரண்டு மைல் உள்ளே, பருத்தி மூட்டை அடுக்கிவைக்கும் ஒரு பழைய கிட்டங்கி. அதுதான் நிலையம். நயா பைசா புதிதாக வந்திருந்த காலம். கிட்டங்கிக்கு நாலு பக்கமும் பருத்தியும் கொத்தமல்லியும் கம்பும். நிழலுக்கு என்று ஒரே ஒரு உடைமரம். தேக்குப் பெட்டியில் நாலு கூட்டம் ஈயும், ஒரு சைக்கிளும், ஒரு பதிவேடும் கொடுத்திருந்தார்கள். வேலைக்கு நான் ஒருத்தன்தான்.

சனிக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவேன். பஸ்ஸில் ஏறி "கோவில்பட்டி ஒண்ணு" என்று கேட்டால் குரல் கரகரவென்று வரும். தொண்டை கட்டிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த வாரத்தில் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்பது பிறகுதான் விளங்கியது. அதன்பின் பதிவேட்டில் எழுதுவதையெல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டே எழுதப் பழகினேன். "இரண்டாம் பெட்டி. முட்டை உண்டு. தேன் இல்லை." யாராவது கேட்டிருந்தால் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள். கேட்பதற்கு ஆள் இல்லை.

பக்கத்துக் காட்டுக்காரர் ராமசாமி நாயக்கர் எப்போதாவது வரப்பில் நின்று பேசுவார். அவருக்கு ஒரே சந்தேகம்.

"உம்ம ஈ எம் மல்லிப்பூவ எல்லாம் தின்னுட்டா நான் எத அறுக்க?"

"அது பூவத் தின்னாது நாயக்கரே. உள்ள இருக்க தேன மட்டுந்தான் எடுக்கும். காய் நல்லாப் பிடிக்கும்."

"அப்ப எம் பூவுல இருக்க தேன் எந் தேன்தானவே? ஒரு குப்பி குடுத்திரும்."

அவர் வரும்போதெல்லாம் இந்தப் பேச்சு மாறாமல் நடக்கும். அவர் வராத வாரம் எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

எனக்கு மேலே இருந்தவர் ஐசக் சார். பாளையங்கோட்டைக்காரர். மாதம் ஒருமுறை வருவார். இரண்டு மைலும் நடந்துதான் வருவார். சைக்கிளில் ஏற்றிக்கொள்கிறேன் என்றாலும் ஏறமாட்டார். வந்ததும் செருப்பைக் கழற்றி, கையைக் கழுவி, உதறாமல் காற்றிலேயே உலரவிடுவார். பெட்டியை உடனே திறக்கமாட்டார். பக்கவாட்டில் குத்தவைத்து, காதைப் பலகையோடு வைத்து, நகத்தால் ஒரு தட்டு தட்டுவார். உள்ளே 'உஸ்' என்று ஒரு சத்தம் எழுந்து சட்டென்று அடங்கினால் ராணி இருக்கிறது. அடங்காமல் அழுகை மாதிரி இழுத்துக்கொண்டே போனால் ராணி இல்லை. திறந்து பார்த்தால் அவர் சொன்னதுதான் இருக்கும்.

அவர் சட்டைப்பையில் ஒரு சிவப்புப் பென்சில் இருக்கும். தேனடை தொங்கும் சட்டத்துக்கும் பெட்டிப் பலகைக்கும் நடுவில் அந்தப் பென்சிலை விட்டு ஒரு சுற்று ஓட்டுவார். பென்சில் தட்டாமல் ஓடவேண்டும். லொடலொடவென்றும் இருக்கக் கூடாது. ஈ நடந்து போக அந்த இடம் போதும். கூடினால் அதில் வேறு அடை கட்டிவிடும். குறைந்தால் மெழுகு வைத்து அடைத்துவிடும். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. சரியில்லை என்றால் பென்சிலைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு தூரமாக எங்கேயாவது பார்ப்பார். அதற்குத் திட்டே வாங்கிவிடலாம்.

ஒரு புரட்டாசியில் வந்தபோது அவர்தான் சொன்னார். "பத்துக் கூட்டம் இருந்தா நிலையத்த நிரந்தரமாக்கலாம்னு உத்தரவு வந்திருக்குவே. பின்னால ரெண்டு ரூம் கட்டித் தருவாங்க. பிள்ளைகளக் கூட்டிட்டு வந்திரும். பங்குனியில வந்து எண்ணுவேன்."

அந்த வாரம் நான் வீட்டுக்கு வந்து சொன்னதைத்தான் சரசு இன்னும் நினைவில் வைத்திருக்கிறாள்.

நாலைப் பத்தாக்க வேண்டும். வழி ஒன்றும் புதிதில்லை. மல்லி பூக்கிற தை மாதத்தில் ஈ பெருத்துப்போய்ப் பிரியப் பார்க்கும். புது ராணிக்கென்று அடையின் கீழே விரல்நுனி போல அறை கட்டும். அந்த அறையோடு ஓர் அடை, குஞ்சு உள்ள அடை ஒன்று, தேன் உள்ள அடை ஒன்று, அதில் ஒட்டியிருக்கிற ஈ, இவற்றைத் தூக்கி ஒரு சின்னப் பெட்டியில் வைத்துவிட்டால் புதுக் கூட்டம். சின்னப் பெட்டிதான் இல்லை. தேக்குப் பெட்டி ஆறு அனுப்பச் சொல்லி இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை. மூன்று நாள் அடைமழை கொஞ்சம் விட்டிருந்தது. வீட்டில் உங்கள் அம்மா ஒட்டிவைத்த தீப்பெட்டிக் கூடுகள் காயாமல் ஊறிப்போய், பாதியை அடுப்படியில் பரப்பிவைத்து விசிறிக்கொண்டிருந்தாள்.

"மூணு நாள் வேலை போச்சு. ஒட்டுனது பூரா பிரிஞ்சு போச்சு. இந்த மழ எதுக்குத்தான் இப்பிடி ஊத்துதோ" என்றாள்.

"நமக்காகத்தான் ஊத்துது. இந்த ஈரத்துக்கு மல்லி பூத்துத் தள்ளிரும். நீ பாத்திரத்தக் கட்டி வையி" என்றேன்.

அவள் விசிறுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்குக் கடைத்தெருவில் தேயிலை வியாபாரி மீரான் பாய் கடைக்குப் பின்னால் காலிப் பெட்டிகள் அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். மலையிலிருந்து தேயிலை வருகிற ஒட்டுப்பலகைப் பெட்டி. ஓரமெல்லாம் தகரம் அடித்தது. பிளைவுட் என்கிறீர்களே, அதுதான். தேக்கில் கால்வாசி கனம்கூட இல்லை.

"எதுக்கு அண்ணாச்சி ஒங்களுக்கு?" என்றார் பாய்.

"ஈ வைக்கதுக்கு."

"தேயிலைப் பெட்டியில ஈய வச்சா தேன் எறங்காது, டீதான் எறங்கும். எடுத்துட்டுப் போங்க. மொதல் கிளாஸ் எனக்கு."

மூன்று பெட்டியைப் பிரித்துக் கட்டிச் சைக்கிளில் கொண்டுபோனேன். எனக்குத் தச்சு வேலை தெரியாது. ரம்பத்தை வைத்து இழுத்ததும் பலகை சிலும்பி, ஓரமெல்லாம் நாராகக் கிழிந்தது. ஒரு பலகையைப் பாழாக்கிய பிறகுதான் கத்தியால் கோடு ஆழமாகக் கீறிவிட்டு அப்புறம் ரம்பம் போட்டால் சிலும்பாது என்று தெரிந்தது. அறுத்த ஓரத்தில் ஈரம் பட்டால் ஒட்டியிருக்கிற மூன்று ஏடும் தனித்தனியாக வாயைப் பிளக்கும். அதனால் மெழுகை உருக்கி ஓரம் முழுதும் தேய்த்தேன். நாலு சட்டம் கொள்ளும் அகலம். சட்டத்தின் காது உட்கார உள்பக்கம் இரண்டு ரீப்பர்க் கட்டை. அடிப்பலகை ஆணி அடித்தது. வாசல், கட்டை விரல் போகிற அளவு. மேல்மூடிக்கு அந்தத் தேயிலைப் பெட்டித் தகரமே. தேயிலை வாசம் போக ஒரு வாரம் வெயிலில் காயவைத்து, பழைய அடையை உள்ளே தேய்த்துவிட்டேன். நானும் ஒரு பென்சில் வாங்கி எல்லாச் சட்டத்தையும் சுற்றி ஓட்டிப் பார்த்தேன். ஓடியது.

ஆறு பெட்டியும் முடிந்து வரிசையாக வைத்துப் பார்த்தபோது ஒரு கவலை வந்தது. ஒவ்வொன்றின் முகப்பிலும் கறுப்பு மையில் பெரிய பெரிய இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும். ஒன்றில் பாதி எழுத்து, ஒன்றில் வட்டம், ஒன்றில் தலைகீழாக ஓர் ஐந்து. ஐசக் சார் வந்து பார்த்தால் என்ன நினைப்பார்? அரசாங்க உத்தரவுப்படி தேக்கில் இருக்க வேண்டியது, டீக்கடைச் சாமானாக நிற்கிறதே. பென்சிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு தூரமாகப் பார்க்கமாட்டாரா?

அதனால் சுண்ணாம்பு அடித்தேன். ஒரு தடவைக்கு எழுத்து மறையவில்லை; மூன்று தடவை அடித்தேன். வெள்ளை அடித்தால் வெயில் உறைக்காது என்று எனக்கு நானே காரணமும் சொல்லிக்கொண்டேன். ஒரே உயரத்தில் கல்லை வைத்து, கயிறு பிடித்து, எல்லா வாசலும் கிழக்கே பார்க்க, அரை கஜத்துக்கு ஒன்றாக ஆறையும் நிறுத்தினேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டை போட்டு வரிசையில் நிற்கிற மாதிரி இருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

தை பிறந்ததும் பிரித்து வைத்தேன். காடு முழுக்க மல்லி வெள்ளை வெளேரென்று பூத்து, கிட்டங்கிக்குள்ளேயும் வாசம். ஆறு சின்னப் பெட்டியிலும் ராணி அறையை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. இனி ஒரு வேலைதான் பாக்கி. புது ராணி ஒருநாள் மத்தியானம் வெயிலில் வெளியே பறந்து, ஆண் தேனீக்களோடு கூடிவிட்டு, தன் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். ஒரு சில தடவைதான் போகும். திரும்பிவிட்டால் பிறகு ஆயுசுக்கும் முட்டை இடும்.

எட்டு நாள் கழித்து முதல் மூன்று பெட்டியைத் திறந்தேன். முட்டை இல்லை. நகத்தால் தட்டினால் சத்தம் அடங்கவில்லை. ராணியைக் காணோம். கரிச்சான் குருவி பிடித்துத் தின்றிருக்கும் என்று நினைத்தேன். ஒன்று என்றால் சரி, மூன்றையுமா? நாலாம் பெட்டி வாசலுக்குக் கீழே மண்ணில் ஒரு ராணி செத்துக் கிடந்தது. நாலாம் பெட்டிக்குள்ளே அதன் ராணி உயிரோடு இருந்தது.

மறுநாளிலிருந்து மத்தியானம் முழுக்க அந்த வரிசைக்கு எதிரே குத்தவைத்தேன். உடைமர நிழல் அங்கே எட்டாது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டேன். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள், ஐந்தாம் பெட்டி வாசலில் நீண்ட வயிற்றோடு ராணி வந்து நின்றது. பெட்டியைப் பார்த்துத் திரும்பி, முன்னும் பின்னுமாக ஆடி, மேலே ஏறி மறைந்தது. நான் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

அரைமணி நேரம் இருக்கும். திரும்பி வந்தது. வந்து, வரிசைக்கு முன்னால் பறந்தது. நாலாம் பெட்டி வாசல் வரை வந்து விலகியது. ஐந்துக்கு முன்னால் நின்றது, ஆறுக்குப் போனது, மறுபடி நாலுக்கு வந்தது. எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே வாசல், ஒரே உயரம். சுற்றிலும் அடையாளத்துக்கு ஒரு செடியோ கல்லோ கிடையாது. "அது இல்ல, இந்தப் பக்கம்" என்று நான் வாய்விட்டுச் சொன்னேன். அது நாலாம் பெட்டிக்குள் நுழைந்தது. காவல் ஈக்கள் அதைப் பந்து மாதிரி மொய்த்துக்கொண்டு வெளியே உருண்டன. நான் கையால் பிரித்துவிடப் பார்த்தேன். ஏழெட்டு கொட்டு வாங்கினேன். பிரித்து எடுத்தபோது உயிர் இல்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த எழுத்தையும் வட்டத்தையும் தலைகீழ் ஐந்தையும் நான் அழிக்காமல் இருந்திருந்தால் அது வீடு கண்டுபிடித்திருக்கும்.

நாலாம் பெட்டியிலும் ஆறாம் பெட்டியிலுமாக இரண்டு ராணிதான் மிச்சம். ஐந்தாம் பெட்டிக்கு, பெரிய கூட்டத்தில் மிஞ்சியிருந்த கடைசி ராணி அறையை வெட்டி ஒட்டினேன். மழை வந்தால் கரைந்துவிடும் சுண்ணாம்பு, வெயிலில் இறுகிப்போய்ச் சுரண்ட வரவில்லை. தட்டிச் சுரண்டினால் உள்ளே ஈ கலையும். இடத்தை மாற்றினால் வெளியே போன ஈ குழம்பும். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தேன். தீப்பெட்டி லேபில் கழித்துப்போட்டது இருக்கிறதா என்று கேட்டேன்.

"எதுக்குப்பா?" என்றாள் சரசு.

"பெட்டி மொகப்புல ஒட்டதுக்குத்தான். அழகா இருக்கும்லா."

புலிப் படம் ஒரு கத்தை, தாமரை ஒரு கத்தை கொடுத்தாள். இரண்டும் சிவப்பு. அப்புறம் உள்ளே போய், தன் புத்தகத்துக்குள் வைத்திருந்த ஒரு நீல மயில் லேபிலைக் கொண்டுவந்தாள். நாலாய் மடித்த பெரிய லேபில். கட்டுக்கு மேலே ஒட்டுவது. "இது ஒண்ணுதான் இருக்கு. நாங்க அங்கன வந்தப் பெறவு எந்தப் பெட்டின்னு காட்டணும்" என்றாள். அம்மா பசை காய்ச்சப் போனாள்; பூச்சி அரிக்காமல் இருக்க அதில் துத்தம் போடுவது வழக்கம். "துத்தம் போடாத, வெறும் மாவுல காய்ச்சு, ஈக்கு ஆகாது" என்று மட்டும் சொன்னேன்.

நாலில் புலி, ஐந்தில் தாமரை, ஆறில் மயில் ஒட்டினேன். ஆறாம் பெட்டி ராணி போய்த் திரும்பி நேராக உள்ளே நுழைந்தது. அதை நான் கண்ணால் பார்த்தேன். நாலும் ஐந்தும் திரும்பவில்லை. மல்லிப்பூ அதற்குள் உதிர்ந்துவிட்டது.

பங்குனியில் ஐசக் சார் வந்தார். கையைக் கழுவி உலரவிட்டார். ஒவ்வொரு பெட்டியிலும் காதை வைத்தார். ஆறாம் பெட்டியைத் திறந்து பென்சிலை ஓட்டினார்; நாலு பக்கமும் ஓடியது. "நல்லாச் செஞ்சிருக்கீரு" என்றார். அப்புறம் என் கத்தியை வாங்கி நாலாம் பெட்டியின் முகப்பில் அழுத்திச் சுரண்டினார். சுண்ணாம்பு பெயர்ந்து கறுப்பு எழுத்தின் ஒரு கால் தெரிந்தது. லேபிலைப் பார்த்தார்.

"செவப்பு அதுகளுக்குக் கறுப்பாத்தான்வே தெரியும். புலியும் தாமரையும் உமக்குத்தான் வேற வேற. அதுக்கு ரெண்டும் ஒரே கறுப்புச் சதுரம்." பெயர்ந்த எழுத்தைக் காட்டினார். "இத ஏன்வே மறைச்சீரு?"

"நீங்க பாத்தா தப்பா நெனப்பீங்கன்னு சார்."

அவர் தூரமாகப் பார்க்கவில்லை. பதிவேட்டை என் முன்னால் வைத்தார். "ஐந்து கூட்டம்" என்று அவரே எழுதியிருந்தார். பக்கத்தில் 'காரணம்' என்ற இடம் காலியாக இருந்தது. "எழுதி வையும்" என்று சொல்லிவிட்டு வரப்புப் பக்கம் போய்விட்டார்.

மழைக் குறைவு என்று எழுதினால் மேலே யாரும் கேட்கப்போவதில்லை; கரிசல் காட்டில் அது வழக்கமான காரணம். 'ம' வரை எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டு, நடந்ததை எழுதினேன். எழுத்தை மறைக்கச் சுண்ணாம்பு அடித்ததால் ராணிகள் பெட்டி தெரியாமல் செத்தன என்று. சார் வந்து படித்தார். சிவப்புப் பென்சிலால் சின்னதாக ஒரு டிக் போட்டார். "அடுத்த வருசம் பாப்போம்" என்று சொல்லி இரண்டு மைலும் நடந்து போனார்.

ஆடியில் எல்லா நிலையத்துக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. தேயிலைப் பெட்டிப் பலகையில் சின்னப் பெட்டி செய்துகொள்ளலாம். எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளை அடிக்கக் கூடாது. முகப்பில் நீலம், மஞ்சள் என்று வேறு வேறு அடையாளம் வைக்க வேண்டும். பேர் எதுவும் போடவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ சின்னப் பெட்டி செய்தேன். மறு வருடம் எட்டுக் கூட்டம் ஆனது. அதற்கு மறு வருடம் உண்மையாகவே வானம் பொய்த்து, பாதி ஈ ஓடிவிட்டது. பத்து ஆகி, இரண்டு அறையும் கட்டி முடித்தபோது சரசு பெரிய பள்ளிக்கூடத்தில் இருந்தாள், முருகனையும் சேர்த்திருந்தோம். அங்கே பள்ளிக்கூடம் இல்லை. அந்த அறையில் காலிச் சட்டங்களை அடுக்கிவைத்தேன். ஓய்வு பெறும் வரை கிட்டங்கியில்தான் படுத்தேன்.

இனி நான் எழுத வேண்டியது ஒன்றுதான் பாக்கி. பதிவேட்டில் எழுதின அதே வாரம் வீட்டுக்கு வந்தேன். சாக்கில் கட்டிய பாத்திரம் சுவரோரம் இருந்தது. அம்மா சோறு போட்டாள்.

"மழ பத்தல. பூவெல்லாம் கருகிட்டு. அடுத்த வருசம் பாப்போம்" என்றேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி, சாப்பிடுங்க" என்றாள். அன்றைக்குச் சாயங்காலம் சாக்கை அவிழ்த்துப் பாத்திரங்களைப் பழைய இடத்தில் வைத்தாள். நீங்கள் கேட்டதற்கு அவள்தான் "மழ இல்லட்டி, அப்பா என்ன செய்வாவ" என்று சொன்னாள். பிறகு எத்தனையோ வருடம், யார் கேட்டாலும் அவளே சொன்னாள். நான் ஒருநாளும் சொல்ல வேண்டிவரவில்லை.

அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது. இதை எழுத உட்கார்ந்து, கார்த்திகையில் அவள் அடுப்படியில் தீப்பெட்டிக் கூட்டை விசிறிக்கொண்டிருந்ததை எழுதும்போதுதான் என் கை நின்றுவிட்டது. அந்த மழையில் மூன்று நாள் வேலையைத் தொலைத்தவள் அவள். நமக்காகத்தான் ஊற்றுகிறது என்று அவளிடம் சொன்னவன் நான். அவள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

சரசு, நீ கொடுத்த மயில் ஒட்டிய பெட்டிதான் ஆறாவது. உனக்குக் காட்ட முடியவில்லை. முருகா, நீ அக்காவிடம் சொன்னது தப்பு. அந்த வருடம் நல்ல மழை.